வெயில் காலத்தில் நம்ம முகம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவள். வீட்டு வேலை, ரெண்டு மாடு, கழனி வேலை, நூறு நாள் வேலை, இதுதான் என் பொழுது. பதினோரு வருஷமாகக் குழுவில் இருக்கேன். மைக் பிடிச்சுப் பேசறது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தால் பொறுத்துக்கணும்.

போன மாசம் செயலாளர் அக்கா என்னைக் கூப்பிட்டு, "கடன், சேமிப்பு, தொழில் பத்தி எல்லாம் மத்தவங்க பேசறாங்க. நீ வெயில் காலத்தில் முகத்தை எப்படிப் பார்த்துக்கணும்னு பேசு" என்று சொன்னாங்க. கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழகுக் குறிப்பு சொல்ல நான் யாரு, பியூட்டி பார்லர் வெச்சிருக்கேனா? அப்புறம் வீட்டுக்கு வந்து யோசிச்சுப் பார்த்தப்போதான் என்னை ஏன் பேசச் சொன்னாங்கன்னு புரிஞ்சது. எங்க குழுவில் நடந்தது அக்காவுக்குத் தெரியும். அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி என் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயம் ஆச்சு. வைகாசியில் முகூர்த்தம். பங்குனி, சித்திரை ரெண்டு மாசமும் நான் மல்லாட்டை பிடுங்கினதும் ஏரி வேலைக்குப் போனதும்தான். கண்ணாடியில் பார்த்தால் கன்னம் ரெண்டும் கறுத்து, மூக்கு மேலே மங்கு படர்ந்து இருந்தது. கல்யாண வீட்டில் போட்டோ எடுப்பாங்க, சம்பந்தி வீட்டுக்காரங்க பார்ப்பாங்க, இந்த மூஞ்சியோட எப்படி நிக்கறதுன்னு மனசுக்குள் ஒரு கவலை. டவுன் கடை ஒன்றில் போய், "முகம் கறுத்துப் போச்சு, ஏதாவது கொடுங்க" என்று கேட்டேன். ஒரு சின்ன டியூப் கொடுத்தாங்க. ஐம்பது ரூபாய்கூட இல்லை. ராத்திரியில் தடவச் சொன்னாங்க.

பொய் சொல்லக்கூடாது, ஒரே வாரத்தில் முகம் பளிச்சுன்னு ஆச்சு. மங்கு குறைஞ்சது. கல்யாணத்தில் எல்லாரும், "என்ன போடறே, சொல்லு சொல்லு" என்று கேட்டாங்க. நானும் பெருமையாச் சொன்னேன். அடுத்த குழுக் கூட்டத்தில் அந்த டியூபைக் கையிலேயே கொண்டுபோய்க் காட்டினேன். எங்க குழுவில் ஐந்து பேர் வாங்கிப் போட ஆரம்பிச்சாங்க. அதில் ரெண்டு பேருக்கு நானே டவுனுக்குப் போகிறப்போ வாங்கிக் கொடுத்தேன்.

நாலு மாசம் போச்சு. வெயிலில் ஐந்து நிமிஷம் நின்னால்கூட முகம் மிளகாய் அரைச்சுப் பூசின மாதிரி எரிய ஆரம்பிச்சது. கன்னத்தில் சிவப்பு சிவப்பாச் சின்ன நரம்பு தெரிஞ்சது. பதினாறு வயசில் வராத பரு முப்பத்தஞ்சு வயசில் வந்தது. தாடை ஓரத்தில் பூனைமுடி அடர்த்தியாச்சு. பயந்துபோய் நிறுத்தினேன். நிறுத்தின நாலாம் நாள் முகம் வீங்கி, முன்பைவிட மோசமாச்சு. திரும்பத் தடவினால் அடங்குது, விட்டால் எரியுது. அடுப்புக்கிட்டே போய் ஒரு தோசை வார்க்க முடியலை.

கடைசியில் அரசு ஆஸ்பத்திரியில் தோல் டாக்டர் அம்மாகிட்டே போனேன். அவங்க என் முகத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கலை. தூரத்திலிருந்தே, "எத்தனை மாசமா டியூப் போடறே?" என்று கேட்டாங்க. எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது.

அவங்க சொன்னதை எனக்குப் புரிஞ்ச அளவில் சொல்றேன். அந்த டியூபில் இருந்தது ஸ்டீராய்டு மருந்து. அது கெட்ட மருந்து கிடையாது. சில தோல் வியாதிக்கு டாக்டர் பார்த்து, இத்தனை நாள், இந்த இடத்தில் என்று அளந்து கொடுப்பாங்க. அதை முகத்துக்கு அழகு கிரீம் மாதிரி மாசக்கணக்கில் தடவினால் தோல் மெலிஞ்சு போகும். மெலிஞ்ச தோல் வெயிலைத் தாங்காது. பரு வரும், முடி வளரும், ரத்தக்குழாய் வெளியே தெரியும். விட்டாலும் எரியும். சாராயத்துக்கு அடிமை ஆகிற மாதிரி தோல் அதுக்கு அடிமை ஆகிப் போகும். என்னை மாதிரி தினமும் ஆட்கள் வர்றாங்கன்னு டாக்டர் அம்மா சொன்னாங்க. எனக்குச் சரியாக எட்டு மாசம் ஆச்சு.

ஆனால் அதைவிடக் கஷ்டமாக இருந்தது வேற. நான் சொல்லி வாங்கின அந்த ஐந்து பேர் வீட்டுக்கும் போய், "அதைப் போடாதீங்க, என்னோட ஆஸ்பத்திரிக்கு வாங்க" என்று சொல்லணும். ஒரு அக்கா, "உனக்கு ஒத்துக்கலைன்னா எங்களுக்கும் ஒத்துக்காதா?" என்று கேட்டாங்க. ஒரு தங்கச்சிக்கு என்னைவிட மோசமாக ஆகியிருந்தது. அவள் முகத்தைக் காட்டக் கூச்சப்பட்டு மூணு மாசம் குழுக் கூட்டத்துக்கே வரலை. சேமிப்புப் பணத்தை மாமியார்கிட்டே கொடுத்து அனுப்பினாள். அவள் வீட்டு வாசலில் நான் நின்னப்போ அவள் கதவைத் திறக்கலை. அந்த நாளை நான் மறக்க மாட்டேன்.

இன்னைக்கு அந்தத் தங்கச்சி இங்கேதான் உட்கார்ந்திருக்காள். முகம் நல்லாயிருக்கு. நான் பேசப்போறேன்னு சொன்னதும், "என் கதையையும் சேர்த்துச் சொல்லுக்கா" என்று சொன்னாள். அதனால்தான் தைரியமாச் சொல்றேன்.

சரி, இப்போ விஷயத்துக்கு வரேன். வெயில் காலத்தில் நாம என்ன செய்யலாம்?

முதலில் ஒரு விஷயம் தெரிஞ்சுக்கணும். வெயிலில் போனால் கறுக்கிறது வியாதி இல்லை. தோலுக்குள்ளே நிறம் கொடுக்கிற பொருள் ஒன்று இருக்கு. வெயில் அதிகமாப் பட்டால் தோல் அதைக் கூடுதலாச் சுரந்து, கதிர் உள்ளே போகிறதைக் குறைக்குது. தோல் தானாகவே பிடிச்சுக்கிற குடைன்னு வெச்சுக்கோங்க. வெயில் குறைஞ்சால் அந்தக் கறுப்பும் கொஞ்சம் கொஞ்சமாக் குறையும். நம்ம பிறவி நிறத்தைக் கிரீம் போட்டு மாத்த வேண்டாம். நாம பார்க்க வேண்டியது எரிச்சல், வெடிப்பு, வேர்க்குரு, பரு, மங்கு இதெல்லாம் வராமல் தோல் ஆரோக்கியமாக இருக்கான்னுதான்.

ரெண்டாவது, எல்லாருக்கும் ஒரே மருந்து ஒத்துக்காது. ஒருத்தர் தோல் மாதிரி ஒருத்தர் தோல் இருக்காது. எனக்கு நல்லாயிருந்ததுன்னு நான் ஐந்து பேருக்குச் சொன்னேனே, அந்தத் தப்பு இங்கேதான் ஆரம்பிச்சது.

உங்க தோல் எந்த வகைன்னு வீட்டிலேயே பார்க்கலாம். காலையில் முகத்தைக் கழுவித் துடைச்சுட்டு, பவுடர், எண்ணெய், கிரீம் எதுவும் போடாமல் ஒரு மணி நேரம் நிழலில் இருங்க. அப்புறம் மெல்லிசு டிஷ்யூ பேப்பரை நெத்தி, மூக்கு, கன்னம், தாடை என்று தனித்தனியா ஒத்திப் பாருங்க. பஜ்ஜி வெச்ச பேப்பர் மாதிரி எல்லா இடத்திலும் எண்ணெய் ஒட்டினால் எண்ணெய்ப் பசைச் சருமம். எங்கேயும் ஒட்டாமல், முகம் இழுத்துப் பிடிச்ச மாதிரி இருந்தால் வறண்ட சருமம். நெத்தியிலும் மூக்கிலும் மட்டும் ஒட்டி, கன்னம் காய்ஞ்சிருந்தால் ரெண்டும் கலந்தது. புதுசா எது போட்டாலும் சிவக்கும், அரிக்கும், எரியும்னா அது சீக்கிரம் ஒவ்வாமை வர்ற மென்மையான சருமம். எந்தத் தொந்தரவும் இல்லாமல் சாதாரணமாக இருந்தால் நீங்க கொடுத்து வெச்சவங்க, அப்படியே விட்டுடுங்க.

எங்க வீட்டிலேயே நாலு வகையும் இருக்கு. அதனால் வீட்டுக் கதையாகவே சொல்றேன்.

என் பொண்ணு ஒன்பதாவது படிக்கிறாள். எண்ணெய்ப் பசை முகம். வெயில் காலத்தில் பரு ஜாஸ்தி. இந்த வயசில் உடம்புக்குள்ளே நடக்கிற மாற்றத்தால் பரு வருது, அவள் தப்பு எதுவும் இல்லை. அவளுக்கு நான் சொல்றது இதுதான். காலையிலும் ராத்திரியிலும் முகம் கழுவு, பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இன்னொரு தடவை. அதுக்கு மேலே சோப்புப் போட்டுத் தேய்ச்சால், காய்ஞ்சு போச்சேன்னு தோல் இன்னும் எரிச்சல் ஆகும். சோப்புக்குப் பதில் பயத்தமாவு குழைச்சுப் பூசிக் கழுவலாம், அழுத்தித் தேய்க்கக் கூடாது. வாரத்துக்கு ஒரு தடவை முல்தானி மட்டியைப் பன்னீர் இல்லைன்னா தண்ணியில் குழைச்சுப் போட்டு, பத்து நிமிஷத்தில், முழுசாக் காய்ஞ்சு இழுக்கிறதுக்கு முன்னாடியே கழுவிடணும். தலைக்கு வழிய வழிய எண்ணெய் வெச்சு நெத்தியில் இறங்க விடக்கூடாது. நெத்தியில் பரு வர அதுவும் ஒரு காரணம். முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், துளையை அடைச்சுப் பரு கூடும். தலையணை உறையை வாரம் ரெண்டு தடவை துவைக்கணும். முக்கியமாக, பருவைக் கிள்ளக்கூடாது. கிள்ளினால் தழும்பு விழலாம்.

அடுத்து என் மாமியார். அறுபது தாண்டினவங்க. வயசானால் தோலில் எண்ணெய் சுரக்கிறது குறையும், வெயில் காலத்திலும் முகம், கை எல்லாம் சாம்பல் பூத்த மாதிரி இருக்கும். எங்க ஊர் போர் தண்ணி உப்பு வேற, சோப்பு சரியாப் போகாமல் தோலை இன்னும் காய வைக்குது. அவங்களுக்குக் காலையில் வெறும் தண்ணிதான், சாயந்திரம் ஒரு தடவை மட்டும் மிதமான சோப்பு. சுடச்சுட வெந்நீர் ஊத்திக்கக் கூடாது. கடலைமாவு காய வைக்கும், போட ஆசைப்பட்டால் பாலாடை கலந்து போடுங்க. குளிச்சுத் துடைச்ச உடனே, தோலில் ஈரம் இருக்கும்போதே, நாலு சொட்டுத் தேங்காய் எண்ணெயை முகத்துக்கும் கைகாலுக்கும் லேசாப் பூசணும். காய்ஞ்ச பிறகு பூசறதைவிட ஈரத்தில் பூசினால்தான் அந்த ஈரம் உள்ளேயே நிக்கும். பவுடர் அள்ளிப் போடறதைக் குறைச்சுக்கணும், அதுவும் காய வைக்கும்.

மூணாவது நான். எனக்கு ரெண்டும் கலந்த தோல். நெத்தி, மூக்கு வழியும், கன்னம் காயும். எனக்குச் சுலபமான வழி, முகத்தை ரெண்டு பாகமா நினைச்சுக்கறது. பயத்தமாவு, முல்தானி மட்டி எல்லாம் நெத்திக்கும் மூக்குக்கும் மட்டும். எண்ணெயோ கிரீமோ கன்னத்துக்கு மட்டும். சோத்துக் கத்தாழை எனக்கு ஒத்துக்குது. மடலை வெட்டினதும் வடியற மஞ்சள் பாலை முழுசா வடிய விட்டு, உள்ளே இருக்கிற சோற்றை நாலைஞ்சு தண்ணியில் அலசிட்டுத்தான் பூசணும். அந்த மஞ்சள் பால் பட்டால் அரிக்கும்.

எனக்கு மங்கும் இருக்குன்னு சொன்னேன். மங்கு கன்னம், மூக்கு, நெத்தியில் பழுப்புத் திட்டா வரும். கர்ப்ப காலத்திலும், கருத்தடை மாத்திரை சாப்பிடறவங்களுக்கும் வரலாம், குடும்ப வாகாகவும் வரும். வெயில் பட்டால் கூடும். விறகடுப்பு அனல் முகத்தில் அடிச்சாலும் கூடும்னு டாக்டர் அம்மா சொன்னாங்க. அதனால் அடுப்புக்கு நேரா குனிஞ்சு ஊதாமல், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து சமைக்கிறேன். மங்கு ஒரே வாரத்தில் போகிற விஷயம் கிடையாது. ஒரே வாரத்தில் போச்சுன்னா, என்ன போட்டோம்னு பயப்படணும்.

நாலாவது என் ஓரகத்தி. அவளுக்கு எது போட்டாலும் ஒத்துக்காது. வெயிலில் வேர்க்கும்போது ஸ்டிக்கர் பொட்டு ஒட்டின இடத்தில் அரிச்சு, சிவந்து, அப்புறம் வெள்ளையாத் தடம் விழுந்துவிட்டது. பொட்டில் இருக்கிற பசை சிலருக்கு அப்படிச் செய்யும். அரிக்க ஆரம்பிச்சதுமே நிறுத்தியிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது. இப்படிப்பட்ட தோல் இருக்கிறவங்க ஸ்டிக்கர் பொட்டைக் கொஞ்ச நாள் விட்டுப் பார்க்கணும். மத்தவங்களும் ராத்திரி படுக்கும்போது எடுத்துடுங்க. புதுசா சோப்பு, கிரீம், மஞ்சள், கத்தாழை எதுவாக இருந்தாலும் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ரெண்டு நாள் பார்த்துட்டு அப்புறம் முகத்துக்குப் போடுங்க. வாசனை அதிகமா இருக்கிறது எதுவும் வேண்டாம். பிளீச்சிங் பக்கமே போக வேண்டாம். இவங்களுக்குக் குளிர்ந்த தண்ணிதான் பெரிய மருந்து.

இனி எல்லாருக்கும் பொதுவானது.

மே 4-ல் அக்னி நட்சத்திரம் ஆரம்பிச்சால் 28 வரைக்கும் நம்ம திருவண்ணாமலை மாவட்டத்தில் நெருப்பு மழைதான். அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒண்ணும் குறைச்சல் இல்லை. காலையில் பத்து மணியிலிருந்து மூணு மணி வரைக்கும் வெயில் கடுமை. மேகமூட்டமா இருந்தாலும் கதிர் வரும். நம்ம வேலையை வெயிலுக்குத் தகுந்த மாதிரி மாத்திக்க முடிஞ்ச அளவு மாத்திக்கணும். விடியக்காலையில் போய்ப் பத்து மணிக்குள்ளே கழனி வேலையை முடிக்கிறது நம்ம ஆயாமார் காலத்துப் பழக்கம்தானே.

வெளியே போனால் குடை. குடை பிடிக்க முடியாத வேலைன்னா நெருக்கமா நெய்த பருத்தித் துணியைத் தலை, காது, கன்னம், கழுத்து மறையற மாதிரி கட்டிக்கணும். வீட்டுக்காரர் பழைய முழுக்கைச் சட்டையைப் புடவை மேலே போட்டுக்கிட்டு வேலைக்கு வர்ற அக்காக்களைப் பார்த்து நான் முன்னாடி சிரிச்சிருக்கேன். இப்போ நானே போடறேன். ஐநூறு ரூபாய்க் கிரீமைவிட அந்தச் சட்டைக்குப் பலன் அதிகம். நூறு நாள் வேலை நடக்கிற இடத்தில் குடிதண்ணி, நிழல், முதலுதவிப் பெட்டி இருக்கணும்னு விதியே இருக்கு. இல்லைன்னா கேட்கலாம். தனியாக் கேட்டால் காதில் விழாது, குழுவாப் போய்க் கேளுங்க.

சன்ஸ்கிரீன் பத்தி நிறையப் பேர் கேட்கறீங்க. வாங்க வசதி இருந்தால் எஸ்.பி.எஃப். 30 அல்லது அதுக்கு மேலே போட்டிருக்கிறதை வாங்குங்க. வெளியே கிளம்பறதுக்குக் கால் மணி நேரம் முன்னாடி போடணும். ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் அது முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டிய அளவு. பொட்டு வெச்ச மாதிரி வெச்சுக்கிட்டால் பலன் இல்லை. வெளியே இருக்கிற வரைக்கும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையும், வேர்த்து வழிஞ்சாலும் திரும்பப் போடணும். எண்ணெய்ப் பசை முகத்துக்கு ஜெல் மாதிரி இருக்கிறது, வறண்ட முகத்துக்குக் கிரீமா இருக்கிறது. மங்கு இருக்கிறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம். வாங்க முடியாதவங்க மனசு விட வேண்டாம். நிழல், குடை, துணி மூணும் இருந்தால் பெரும் பகுதி தப்பிச்சுடலாம்.

வெயிலில் இருந்து வந்ததும் வேர்வை அடங்கின பிறகு வெறும் தண்ணியில் முகம் கழுவுங்க. முகம் எரிஞ்சால் குளிர்ந்த தண்ணியில் நனைச்ச துணியை ஒத்தி வைங்க. ஐஸ் கட்டியை நேரா வெச்சுத் தேய்க்கக் கூடாது. வேர்க்குருவுக்கு எங்க ஆயா நுங்குத் தண்ணியைத் தடவுவாங்க, குளுகுளுன்னு இருக்கும். காலமைன் லோஷனும் நல்லது. தளர்வான பருத்தித் துணி போட்டுக் காத்து பட விட்டாலே பாதி அடங்கிடும். தண்ணி, நீர்மோர், பழைய சோத்துத் தண்ணி, தர்பூசணி, வெள்ளரிக்காய் எல்லாம் உடம்புக்கும் தோலுக்கும் நல்லது. வேலை இடத்தில் கழிப்பிடம் இல்லைன்னு தண்ணி குடிக்காமல் இருக்கிறோம் பாருங்க, அது முகத்துக்கு மட்டும் இல்லை, சிறுநீருக்கும் கேடு.

செய்யவே கூடாதது சிலது இருக்கு. எலுமிச்சம்பழத்தை முகத்தில் தேய்ச்சுட்டு வெயிலில் போகக் கூடாது, தோல் வெந்து கொப்புளம் வந்து கறுத்த தடம் நிக்கும். பருவுக்குப் பல் விளக்கற பேஸ்ட் வைக்காதீங்க. சமையல் சோடா வேண்டாம். துணி சோப்பில் முகம் கழுவாதீங்க. படர்தாமரைக்கு வாங்கின களிம்பை முகத்துக்குப் போடாதீங்க.

இப்போ நான் பட்டதுக்கு வரேன். கிரீம் வாங்கும்போது எப்படிப் பார்க்கணும்?

நமக்கு இங்கிலீஷ் தெரியலைன்னா பரவாயில்லை. டியூபிலோ அட்டைப் பெட்டியிலோ ஓரமா மேலிருந்து கீழே ஒரு சிவப்புக் கோடு இருக்கான்னு பாருங்க. இருந்தால் அது டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக்கூடாத மருந்து. அழகு கிரீம் அல்ல. என் டியூபிலும் அந்தக் கோடு இருந்தது. நான் பார்க்கலை. பார்த்திருந்தாலும் அது எதுக்குன்னு எனக்குத் தெரியாது. படிக்கத் தெரிஞ்ச பிள்ளைகளை விட்டு மருந்தின் பெயரைப் படிக்கச் சொல்லுங்க. பீட்டாமெத்தசோன், குளோபீட்டசோல், மோமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. 2018-லேயே மத்திய அரசு இப்படிப்பட்ட 14 ஸ்டீராய்டு களிம்பு மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்திருக்கு. ஆனாலும் நாம போய்க் கேட்டால் கிடைக்குது. கேட்கிறதை நாம நிறுத்தணும்.

இன்னொரு வகை, கம்பெனி விலாசமே இல்லாமல் டப்பாவில் வர்ற சிவப்பழகு கிரீம். தயாரிச்சவர் பெயர், விலாசம், லைசென்ஸ் நம்பர், பேட்ச் நம்பர், காலாவதி தேதி எதுவும் இருக்காது. இதில் சிலதில் பாதரசம் கலந்திருக்கு. கேரளாவில் மலப்புரம் மாவட்டத்தில் 2023-ல் இப்படிக் கிரீம் போட்ட சிலருக்குக் கிட்னி பாதிச்சது பத்திரிகையில் வந்தது. முகத்தில் பூசினது கிட்னிக்கு எப்படிப் போகும்னு கேட்காதீங்க. பாதரசம் தோல் வழியா உள்ளே போகும்.

ஏற்கெனவே டியூப் போட்டுக்கிட்டு இருக்கிறவங்க இங்கேயும் இருப்பீங்க. கூச்சப்படாதீங்க. ரொம்ப நாளாப் போட்டிருந்தால், திடீர்னு விட்டுட்டு வீட்டிலேயே அவதிப்படாதீங்க. டியூபைக் கையில் எடுத்துக்கிட்டு அரசு ஆஸ்பத்திரி தோல் டாக்டர்கிட்டே போங்க. எப்படி நிறுத்தணும்னு அவங்க சொல்வாங்க. ஓ.பி. சீட்டுப் போட்டுக் காட்டினால் போதும், டாக்டருக்கு ஃபீஸ் கிடையாது. டாக்டரே வியாதிக்காகக் கொடுத்த களிம்பு இருந்தால், நான் பேசினதைக் கேட்டு அதை நிறுத்திடாதீங்க, அவங்க சொன்ன நாள் வரைக்கும் போடுங்க. இது தவிர, உணர்ச்சி இல்லாத வெளிறின தேமல், ஆறாத புண், திடீர்னு பெருசாகிற மச்சம், குழந்தை முகத்தில் நீர்க் கொப்புளம், இதுக்கெல்லாம் வீட்டு வைத்தியம் பார்த்து நாளைக் கடத்தக்கூடாது.

எங்க குழுவில் இதுக்கு அப்புறம் ஒரு முடிவு எடுத்தோம். தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கோம். யார் எந்தக் கிரீம், மாத்திரை, மருந்தைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து சொன்னாலும், விற்க வந்தாலும், முதலில் அட்டையை எல்லாரும் சுத்தி விட்டுப் பார்க்கணும். சிவப்புக் கோடு, விலாசம், காலாவதி தேதி, இந்த மூணையும் பார்க்காமல் யாரும் வாங்கக்கூடாது. ரெண்டாவது, சித்திரை, வைகாசி மாசத்தில் குழுக் கூட்டத்தைச் சாயந்திரம் ஐந்து மணிக்கு மேலே வெச்சுக்கிட்டோம். வெயிலில் நடந்து வந்து யாரும் அவதிப்பட வேண்டாம் என்றுதான். மத்தக் குழுக்களும் இதை யோசிக்கணும்னு கேட்டுக்கறேன்.

கடைசியாக ஒண்ணு. போன மாசம் என் பொண்ணு பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "அம்மா, என் கூடப் படிக்கிறவள் ஒரு கிரீம் போடறா, ஒரே வாரத்தில் கலர் ஆயிட்டா, எனக்கும் வாங்கித் தா" என்று கேட்டாள். நான் திட்டலை. கண்ணாடி முன்னாடி அவளை நிறுத்தி, என் கன்னத்தில் இன்னும் மறையாமல் இருக்கிற ரெண்டு சிவப்பு நரம்பைக் காட்டினேன். "இது என்ன தெரியுமா, ஐம்பது ரூபாய்கூட இல்லாத டியூப் கொடுத்தது" என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டே இருந்தாள். அப்புறம், "அவகிட்டேயும் நீயே சொல்றியாம்மா?" என்று கேட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பொண்ணும் அவங்க அம்மாவும் எங்க வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தாங்க.

ஒருத்தி சொன்னால் ஐந்து பேர் கேட்கிற இடம் நம்ம குழு. நான் தப்பைச் சொன்னப்பவும் ஐந்து பேர் கேட்டீங்க. இன்னைக்கு நல்லதைச் சொல்லியிருக்கேன். வீட்டுக்குப் போனதும் அலமாரியில் இருக்கிற டியூபை எடுத்து அந்தச் சிவப்புக் கோடு இருக்கான்னு ஒரு தடவை பாருங்க. அது போதும்.